கூவைக்குன்றின் மதிப்பெண்

கூவைக்குன்று ஊராட்சிக்கு ஜினிஷா பத்துக்கு மூன்று போட்டிருந்தாள். சுந்தரராஜ் எட்டு போட்டிருந்தான். கேட்ட கேள்விகள் ஒன்றுதான். ஏறி இறங்கிய வீடுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இருவரும் திருநெல்வேலியில் ஒரே சமயத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இப்போது அவள் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியிலும், அவன் நாகர்கோவிலில் இன்னொரு கல்லூரியிலும் பாடம் நடத்தினார்கள். ஊராட்சிகளில் மக்களாட்சி எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளக்கும் வேலையைச் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் எடுத்திருந்தது. ஓர் ஊருக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள். தனித்தனியாகப் போய்த் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் அளவுகோலை நம்பலாம். இப்படி விலகி நின்றால், இருவரும் சேர்ந்து அந்த ஊர் கிராம சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. போட்ட மதிப்பெண்ணை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது. அந்த இரண்டு விதிகளையும் ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

2023 அக்டோபர் இரண்டாம் தேதி காலை, சுந்தரராஜின் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. குழித்துறைப் பாலத்துக்கடியில் ஆறு கலங்கி ஓடியது. பாலம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"எத வச்சு மூணு போட்ட?"

"நான் கேட்ட அத்தன பேரும் ஒண்ணுபோல பதில் சொன்னாவ. அத வச்சு."

"பயமில்ல, யாரையும் கொற சொல்லலாம்னு எல்லாரும் சொன்னா மார்க்க கூட்டணும் ஜினி. நீ கொறச்சிருக்க."

"அவங்க சொன்ன விதம் அப்படி."

"விதத்துக்கு ஏது மார்க்கு?" அவன் குரல் உயர்ந்தது. "இந்த ஊர்ல பத்து வருசம் தலைவரா இருந்த யேசுரத்தினம் போன எலெக்சன்ல தோத்தாரு. கொஞ்ச ஓட்டுலதான். ஆனா வம்பு பண்ணாம சாவியக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போனாரு. ஆளுகவன் தோக்க முடியணும், தோத்தா எறங்கிப் போகணும். உலகத்துல எத்தன நாட்டுல இது நடக்குது? இதக் கண்ணால பாக்கலாம். யாரு எண்ணினாலும் ஒரே எண்ணுதான் வரும். நீ எண்ணுகது பயம், பேச்சு, மனசு. அப்ப நீ அளக்கது ஊரையா, ஒனக்க மனசையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"செயிச்சது சுனிதா. ஆளுகது அவளுக்க மாப்பிள மகேஷ்குமார். உனக்க கணக்குல அவன் எங்க வாறான்?"

அவன் கியரை மாற்றினான். ஜினிஷாவுக்கும் தன் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்துதான் இருந்தது. அவள் கையில் சான்று என்று எதுவும் கிடையாது. பூங்கனியின் வீட்டில் கண்டது மட்டும் இருந்தது.

பூங்கனி முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவள். கணவன் மஸ்கட்டில். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் குன்று ஏறுகிறது. குன்றின் மறுபக்கம் கல் குவாரி. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் வெடித்து விண்டிருந்தது. சிமெண்டு பூசியிருந்தார்கள்; பூசிய இடத்திலேயே மறுபடி விண்டிருந்தது. 'ஊராட்சித் தலைவரின் முடிவுகளைப் பயமில்லாமல் வெளிப்படையாகக் குறை சொல்ல உங்களால் முடியுமா?' என்ற கேள்வியை ஜினிஷா படித்தபோது பூங்கனி எழுந்து போய் வாசலில் நின்று இடவழிச் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி, "முடியும், எழுதிக்கிடுங்க" என்றாள். உள்ளே வந்து ஜினிஷாவுக்கு எதிரே உட்கார்ந்தவள் அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் முகத்தை நிமிர்த்தவில்லை.

ஜினிஷா 'முடியும்' என்றே எழுதிக்கொண்டாள். வேறு வழியில்லை.

தலைவரின் வீட்டிலும் அப்படித்தான். கேள்விகளுக்கெல்லாம் மகேஷ்குமார் பதில் சொன்னார். சுனிதா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். "தலைவர் சொல்லட்டுமே" என்று ஜினிஷா சொன்னபோது அவர் சிரித்தார். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான் டீச்சரே."

சமுதாயக் கூடத்துக்கு முன்னால் காரை நிறுத்தும்போதே மகேஷ்குமார் இறங்கி வந்து வரவேற்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெளிர்நீலச் சட்டை. குவாரியில் அவருடைய ஜேசிபிகள் ஓடின. ஊரில் அதை யாரும் மறைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இரவில் கார் அனுப்புவதும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதும் அவர்தான். எங்கே போனாலும் அவர் பேரைச் சொன்ன பிறகுதான் ஆட்கள் மற்றதைப் பேசினார்கள்.

கூடம் நிறைந்திருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். மேடை மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில் மகேஷ்குமார் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கத்தில் சுனிதா. வலது பக்கத்தில் ஊராட்சிச் செயலர் செல்வன். ஜினிஷாவும் சுந்தரராஜும் பின்வரிசைக்குப் போனார்கள். விடவில்லை. இரண்டு பேர் வந்து வற்புறுத்தி, மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"மெட்ராஸ்ல இருந்து நம்ம ஊருக்கு மார்க்கு போட வந்திருக்கினும்" என்று மகேஷ்குமார் மைக்கில் சொன்னார். "சனநாயகம் எப்படி நடக்குதுன்னு பாப்பினும். எல்லாரும் மரியாதையா நடந்துக்கிடணும், கேட்டியளா?"

கூட்டம் சிரித்தது. சுந்தரராஜ் ஜினிஷாவின் காதருகே சாய்ந்தான். "போச்சு. இனி இங்க நடக்கது எல்லாம் நமக்காக நடக்கது."

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குளத்துக் கரை என்று வரிசையாகத் தீர்மானங்கள் போயின. செல்வன் வாசிப்பார், மகேஷ்குமார் "செரிதானே?" என்பார்; முன்வரிசையில் கைதட்டுவார்கள். சுனிதா தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள். அவள் அதைக் குடிக்கவில்லை.

குவாரித் தீர்மானத்தைச் செல்வன் மற்றவற்றைவிட வேகமாக வாசித்தார். குன்றின் மேற்குப் பகுதியையும் கல் உடைக்க எடுத்துக்கொள்வதில் ஊர்மக்களுக்கு ஆட்சேபணை இல்லையென்று இக்கூட்டம் ஒருமனதாக...

"எனக்கு ஆட்சேபண உண்டு."

பெண்கள் பக்கத்தில் பூங்கனி எழுந்து நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றியிருந்தாள்.

"இரி அக்கா" என்றார் மகேஷ்குமார். "கடைசில பேசலாம்."

"கடைசில பேசினா நீங்க வாசிச்சு முடிச்சிருவிய. வெடி வைக்கும்பம் எனக்க வீடு குலுங்குது. சொவரு விண்டு கெடக்கு. மழ பெய்தா வெள்ளம் உள்ள வருது. ஒருமனதுன்னு வாசிச்சாரே, அதுல எனக்க மனசு இல்ல. அத வெட்டுங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து எட்சன் எழுந்தான். குவாரி லாரி ஓட்டுகிறவன். முப்பது வயதுக்காரன். அவன் கத்தவில்லை.

"அக்காவுக்க வீடு விண்டது நெசம்தான். நான் கண்டிருக்கேன். ஆனா குவாரி நின்னா எனக்க வண்டி நிக்கும். நான் துபாய்ல கெடந்து கஷ்டப்பட்டுத் திரும்பி வந்தவன். ஊர்லயே வேல கெடச்சு, பிள்ளையளக் கண்டுகிட்டு இருக்கேன். என்னப்போல எத்தன பேரு இங்க இருக்கான். எங்கள எங்க போவச் சொல்லுகிய?"

அவனுக்குப் பலத்த கைதட்டல். அதில் பொய்யில்லை என்று ஜினிஷாவுக்குத் தோன்றியது. பூங்கனி ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகேஷ்குமார் மைக்கைக் கையில் எடுத்து எழுந்தார்.

"அப்பம் பூங்கனி அக்காவுக்கு ஒரு ஆட்சேபண. வேற ஆருக்காவது உண்டா? எழும்பிச் சொல்லலாம்."

அவருடைய பார்வை ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தது. பார்வை பட்ட இடத்தில் தலைகள் தாழ்ந்தன. பூங்கனியின் இருபுறமும் இருந்த பெண்கள், அவளோடு ஒரே ஆலையில் வேலை செய்கிறவர்கள், தரையைப் பார்த்தார்கள். முன்னாள் தலைவர் யேசுரத்தினம் ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல. கண்டியளா?" மகேஷ்குமார் பூங்கனியிடம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "பயந்து பேடிச்சிட்டு இருக்கினும்னு நாள பின்ன ஒரு பேச்சு வரக்கூடாது. அதுக்கு இங்க சாட்சியே இருக்கு. இந்த டீச்சரு வீடு வீடா ஏறிக் கேட்டாவ. இந்த ஊர்ல பேடியுண்டான்னுதான் கேட்டாவ. எல்லாரும் இல்லன்னு சொன்னாவ. அக்கா, நீயும் அப்படித்தான் சொன்ன. இல்லியா டீச்சரே? நீங்களே சொல்லுங்க."

மைக்கை அவளிடம் நீட்டினார்.

பூங்கனி தன்னையே பார்ப்பது ஜினிஷாவுக்குத் தெரிந்தது. தான் வீடு வீடாகச் சேர்த்த பதில்கள் அந்தப் பெண்ணை உட்கார வைக்கப் பயன்படப் போகின்றன. சும்மா இருந்தால் ஆமாம் என்று ஆகிவிடும். பேசினால் இத்தனை மாத வேலை போகும்.

சுந்தரராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சிரிச்சுட்டு இரி. நாம பேச விதி இடம் கொடுக்காதுன்னு நான் சொல்லுகேன்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து மைக்கை வாங்கினாள்.

"நான் வீடு வீடா கேட்டது நெசம்" என்றாள். தன் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போல இருந்தது. "கேட்ட எல்லாரும் பேடியில்லன்னு சொன்னதும் நெசம்."

முன்வரிசை கைதட்டியது. மகேஷ்குமார் தலையசைத்து மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"ஆனா நான் அத நம்பல."

கைதட்டல் பாதியில் நின்றது.

"ஒருத்தரு பேடிச்சிட்டு இருந்தா, பேடியுண்டான்னு கேட்டதும் உண்டுன்னு சொல்லிருவாரா? எனக்க கேள்வியே செரியில்ல. அதனால கேட்டத விட்டுட்டு கண்டத வச்சு மார்க்கு போட்டேன். பத்துக்கு மூணு."

"மூணா?" யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம்.

"தலைவரப் பாக்க வீட்டுக்குப் போனேன்" அவள் வேகமாகச் சொன்னாள், மைக் போய்விடும் என்ற பயத்தில். "தலைவரு சாயா கொண்டு வந்து தந்தாவ. பதில் சொன்னது வேற ஆளு. இண்ணைக்கும் இந்தக் கூட்டம் முடியப் போவுது. தலைவருக்க சத்தத்த நான் இன்னும் கேக்கல. அதுக்குத்தான் மூணு."

அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. கூடம் முழுவதும் எழுந்து நின்றது. மகேஷ்குமாரின் ஆட்கள் மட்டுமல்ல. எட்சன் கழுத்து நரம்பு புடைக்க, "நாங்க பேடிச்சவனுவளா? ஏலே, எங்களப் பேடிச்சவனுவன்னு சொல்லிட்டாளே!" என்று கூவினான். கல்யாண வீட்டில் தன் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டது போல ஆண்களும் பெண்களும் கொதித்தார்கள். மகேஷ்குமார் மைக்கை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. சுந்தரராஜ் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

அப்போதுதான் சுனிதா எழுந்தாள்.

"மைக்கத் தாங்க" என்றாள் கணவனிடம். முன்வரிசைக்கும் மேடையில் இருந்தவர்களுக்கும் மட்டுமே அது கேட்டது.

"நீ இரி."

"நான்தானே தலைவரு? மைக்கத் தாங்க."

அவர் தரவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். முன்வரிசையில் சத்தம் அடங்கியது. பிறகு அதற்குப் பின்வரிசையில். மேடையில் என்ன நடக்கிறதென்று பார்க்கக் கூட்டம் ஒவ்வொரு வரிசையாக வாயை மூடியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவிக்குக் கொடுக்காமல் மைக்கைப் பிடித்து வைத்திருக்க அவருக்கு எப்படியோ இருந்திருக்க வேண்டும். மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் இரிங்க" என்றாள் சுனிதா மைக்கை எடுத்து. "குவாரி விசயத்துக்குக் கை எண்ணணும். வேணும்னு உள்ளவங்க கை தூக்குங்க. செல்வன் அண்ணா, நீங்களும் நானும் எண்ணுவோம்."

"இப்படி ஒரு வழக்கம் இல்லியே..." என்று தொடங்கினார் செல்வன்.

"இண்ணையிலேருந்து இருக்கட்டும்."

குவாரிக்கு ஆதரவாகக் கைகள் சட்டென்று உயர்ந்தன. இருவரும் வரிசை வரிசையாக எண்ணினார்கள். அறுபத்தெட்டு. வேண்டாம் என்பவர்கள் என்று சுனிதா கேட்டபோது பூங்கனியின் கை மட்டும் உயர்ந்தது. மகேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த ஒரு கை மட்டும் இருந்தது. தான் செய்த காரியத்தால் அந்தப் பெண் ஊர் முன்னால் தனியாக நிற்கப் போகிறாள் என்று ஜினிஷா நினைத்தாள்.

யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். பூங்கனிக்குப் பின்னால் ஒரு பெண், முழங்கையை மடக்கி, தலைமுடியைச் சரிசெய்வது போலத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஆலைப் பெண்கள் வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எட்சனின் அம்மாவும் தூக்கினாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்றான். "வீட்டுல பேசலாம்" என்றாள் அவள்.

நாற்பத்தொன்று.

"தீர்மானம் செயிச்சாச்சு" என்றாள் சுனிதா. "ஆனா ஒருமனதா இல்ல. எதிரா நாப்பத்தொண்ணுன்னு எழுதுங்க அண்ணா. எனக்க முன்னாலயே எழுதுங்க."

பூங்கனி தோற்றுவிட்டாள். உட்காரும்போது அவள் முகத்தில் சந்தோசமோ வருத்தமோ ஜினிஷாவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது காரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எட்சன் பானெட்டில் கையை ஊன்றியிருந்தான். முன்சக்கரத்தில் காற்றில்லை.

"மார்க்க மாத்தாம வண்டி போவாது" என்றான். "மூணுன்னு வெளிய போனா எங்க ஊர நாலு பேரு என்ன நினைப்பினும்? எங்க பிள்ளையளுக்குப் பொண்ணு குடுப்பினுமா?"

"நான் எட்டு போட்டேன்" என்றான் சுந்தரராஜ். அவன் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. "சத்தியமா எட்டு."

"அப்பம் இவிய?" என்று எட்சன் ஜினிஷாவை நோக்கி விரலை நீட்டினான்.

ஒருவன் காரின் பின்கதவை உதைத்தான். இன்னொருவன் ஜினிஷாவின் பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். வார் அறுந்தது. "பொம்பளப் பிள்ளைக்க மேல கை வைக்காதீங்க" என்று சுந்தரராஜ் நடுவில் புகுந்தான். அவன் சட்டைக் காலரை யாரோ பற்றினார்கள்.

"விடுங்கலே."

மகேஷ்குமார் கூடத்துப் படியில் இறங்கி வந்தார். கூட்டம் விலகியது. அவர் ஜினிஷாவின் முன்னால் வந்து நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்க வீட்டுல வந்து சாயா குடிச்சிட்டு எனக்க வீட்டையே ஒடச்சிட்டியளே டீச்சரே" என்றார்.

என்ன சொன்னாலும் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் எட்சனைப் பார்த்து, "ஸ்டெப்னி மாட்டிக் குடு. போவட்டு" என்றார். எட்சன் முறைத்துக்கொண்டே குனிந்து ஜாக்கியை எடுத்தான்.

குழித்துறை வந்ததும் சாலையோரக் கடையொன்றில் நிறுத்திச் சாயா வாங்கினார்கள்.

"கூவைக்குன்ற ஆய்வுலேருந்து எடுத்தாகணும்" என்றான் சுந்தரராஜ்.

"இண்ணைக்கு அங்க நடந்தத நீ கண்டதானே? அதுதானே நாம தேடிப் போனது?"

"கண்டேன். நடக்கலேன்னு நான் சொல்லலியே. அளக்க முடியாதுன்னு சொல்லுகேன். நாம போகாத நாள்ல அந்த ஊரு எப்படி இருக்கும்னு சொல்லத்தான் அந்த மார்க்கு. இண்ணைக்கு அங்க நீ இருந்த. நீ எழும்பின. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஜினிஷாவ அனுப்ப முடியுமா?" பிறகு கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு. அந்தத் தலைகள்லாம் தாழ்ந்துச்சே, மகேஷ்குமார் பாத்தப்போ. அது எனக்க கணக்குல எங்கயும் இல்ல. எட்டு தப்புதான்" என்றான்.

"அப்பம் மூணு செரியா?"

"தெரியல. அந்தச் சுனிதா கைய நீட்டிட்டு நின்னாளே. மூணு மார்க்கு ஊர்ல அது நடக்குமா?"

அன்று மாலையே அவள் சென்னைக்கு எழுதினாள். மதிப்பீட்டாளர் கூட்டத்தில் தலையிட்டார், மதிப்பெண்ணை வெளியிட்டார், இந்த ஊராட்சியின் தரவைப் பயன்படுத்த வேண்டாம். வேறு யாரும் சொல்லும் முன்னால் தானே எழுதிவிட்டதில் அவளுக்கு ஒரு சிறு ஆறுதல் இருந்தது. மறுவாரம் அவளைத் திட்டத்திலிருந்து விலக்கிக் கடிதம் வந்தது. ஏற்கெனவே முடித்த ஊர்களின் முடிவுகளை மட்டும் திட்டத்தின் கருத்தரங்கில் வாசிக்கலாம் என்றிருந்தது.

அதன்பிறகு வந்த செய்திகள்தான் அவளைத் தூங்கவிடவில்லை. பூங்கனிக்கு ஆலையில் சில நாட்கள் வேலை தரவில்லை என்று கேள்விப்பட்டாள். போன் செய்தால் பூங்கனி எடுக்கவில்லை. சுனிதா மகளைக் கூட்டிக்கொண்டு தக்கலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக யேசுரத்தினம் சொன்னார். ஓர் ஊரை அளக்கப் போய் இரண்டு பெண்களின் வாழ்க்கையைக் குலைத்துவிட்டேனோ என்று அவள் சுந்தரராஜிடம் கேட்டாள்.

பிப்ரவரியில் நாகர்கோவிலில் கருத்தரங்கு நடந்தது. தான் முடித்த ஊர்களின் முடிவுகளை ஜினிஷா மேடையில் வாசித்தாள்; திரையில் மாவட்டத்தின் வரைபடம். ஊராட்சிகளுக்கு மதிப்பெண்ணுக்கேற்ப நிறம்: கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள். மேற்கே ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறம்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பருத்திப் புடவை, தோளில் பை. ஜினிஷா அடையாளம் கண்டபோது கையிலிருந்த தாள்கள் நழுவின.

"கூவைக்குன்றுக்கு என்ன மார்க்கு?" என்று கேட்டாள் சுனிதா.

"மார்க்கு இல்ல. நான் அங்க பேசியிருக்கக் கூடாது. பேசினதால அந்த ஊர எடுத்துட்டாங்க."

"அப்பம் அந்த மூணு?"

"அதுவும் இல்ல."

சுனிதா திரையைப் பார்த்தாள். "அந்த மூணக் கேட்டுதான் எனக்குத் தீப்பிடிச்சாப்ல ஆச்சு. ஒங்களுக்க மூஞ்சில அடிக்கணும்னுதான் எழும்பினேன். பெறவு என்ன நடந்துதுன்னு எனக்கே தெரியல" என்றாள். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இடைவேளையில் ஜினிஷா அவளிடம் ஓடினாள். சுந்தரராஜும் வந்தான். சுனிதா டிசம்பரிலேயே வீடு திரும்பியிருந்தாள். கணவன் வந்து கூப்பிட்டதாகச் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. பூங்கனிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எதிர்ப்பு நாற்பத்தொன்று என்று எழுதி அனுப்பியதால் கலெக்டர் அலுவலகம் குவாரி விசயத்தைத் திருப்பி அனுப்பி, மறுபடி ஊரைக் கேட்கச் சொல்லியிருந்தது. சனவரி இருபத்தாறு கூட்டத்தில் மறுபடி கை எண்ணினார்கள்.

"யாரு எண்ணினா?" என்றான் சுந்தரராஜ்.

"நான்தான். இந்தத் தடவயும் குவாரிதான் செயிச்சுது. ஒம்பது கை வித்தியாசம். மே மாசக் கூட்டத்துக்கும் வாறேன்னு பூங்கனி அக்கா எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லிட்டுப் போனாவ."

"மகேஷ்குமார்?" என்று ஜினிஷா தயங்கிக் கேட்டாள்.

"அவியளும் வந்தாவ. குவாரிக்குத்தான் கை தூக்கினாவ. அதுல ஒரு மாத்தமும் இல்ல." சுனிதா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "ஆனா மேடைல இல்ல. கீழ, எட்சன் பக்கத்துல இருந்துகிட்டு தூக்கினாவ. நான் அவியளையும் ஒண்ணுன்னு எண்ணினேன்."

மார்த்தாண்டம் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் படியிறங்கினாள்.